நோட்டீஸ் ஒட்டாத கதவு

பினாங்குக்கு வந்த புதிதில் எனக்கு விளங்காமல் இருந்தது மாதத் தொடக்கத்தில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நீளும் வரிசை. சைக்கிள்கள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சன்னல். அதன் பின்னால் மேசை விசிறிக்கு முன் ஒரு மலாய்க்கார அக்கா; இங்கே அவர்களைக் ‘காக்’ என்று கூப்பிட வேண்டும். சன்னலுக்கு முன்னால் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் கையில் வாடகையோடு நிற்பார்கள். நிற்கப் பொறுமை இல்லாதவர்கள் தங்கள் குடையை வரிசையில் நட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். குடையின் முறையை யாரும் தாண்ட மாட்டார்கள். அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. என் முறை வந்தபோது காக் ‘ரூமா சியாப்பா?’ என்றார். யாருடைய வீடு என்று கேட்கிறார். தெரிந்திருந்த கொஞ்ச மலாயில் ‘ரூமா சாயா’, என்னுடைய வீடு, என்று பெருமையோடு சொன்னேன். என் பெயரைக் கேட்டு, அட்டைகளைப் புரட்டி, அப்படி ஓர் ஆளே இந்தக் கட்டடத்தில் இல்லை என்று கையை விரித்தார். எனக்குப் பின்னால் நின்ற பாக்கியம் அக்காதான் முதுகில் தட்டிச் சொன்னார்: “புருஷன் பேரச் சொல்லு தங்கச்சி. வீடு அவரு பேர்லதான இருக்கும்.”

இதில் என்ன வேடிக்கை என்று எங்கள் ஊரை அறியாதவர்கள் கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுடையது. கல்யாணம் பேசும்போதே வீடும் வளவும் கிணறும் பெண்ணின் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். எனக்கும் எழுதினார்கள். எழுதிய கையோடு, சண்டை நெருங்கி வருகிறதே என்று, பினாங்கில் பிறந்து வளர்ந்த நம்மாள் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்து விமானமும் ஏற்றிவிட்டார்கள். பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் ஆண்டைக்கூட முடிக்கவில்லை. இப்போது என் வீட்டில் இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அம்மா அவர்களிடம் வாடகை கேட்கவில்லை. இங்கே நாங்கள் இருப்பது சபை வீடு. ஊருக்குப் பொதுவான ஒரு சபை கட்டி, வாடகைக்கு விட்டது. எந்தச் சபை, எந்தக் கட்டடம் என்று எழுதப் போவதில்லை. இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம்.

ஒருநாள் அந்தச் சன்னலுக்கு மேலே புது அறிவிப்பு ஒன்று தொங்கியது. இனி வரிசையில் நிற்க வேண்டாம், பேங்கில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டால் மாதாமாதம் வாடகையை பேங்கே கழித்துச் சபைக்குக் கட்டிவிடும் என்று. எனக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. விஞ்ஞானம் படித்தவள் அல்லவா! அன்றைக்கே பாக்கியம் அக்காவிடம் போய் விரிவுரை நடத்தினேன். அவர் எங்கள் தாழ்வாரத்தில் எதிர்வீடு. நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், ஹோட்டலில் துணி துவைக்கும் வேலை. சம்பளம் கையில்தான் வரும், பேங்கில் கணக்கே கிடையாது. கருவாட்டை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: “பேங்க் கட்டிருச்சுன்னா நான் யார்கிட்ட போயி லிஃப்ட் ஓடலன்னு கத்துறது? இங்க ஒரு மூஞ்சி இருக்குலா. அதுக்காகத்தான் நான் நிக்கிறேன்.” என் விரிவுரை அத்தோடு முடிந்தது. நான் வேகமாக நம்புகிறவள், வேகமாக மாறுகிறவளும்கூட. வாடகை நாள்தான் சபை நம்மைத் தேடி வரும் ஒரே நாள், நமக்கு பேங்க் வேண்டாம் என்று அன்றிரவு இவருக்கு விளக்கினேன். இவர், என் கணவர், பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் கிளார்க். கடலைக் கடக்கும் பெரிப் படகு பிடித்துப் போய் பெரி பிடித்து வருகிறவர், அதிர்ந்து பேசாதவர். பேப்பரைத் தாழ்த்தாமலே “சரிலா” என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு லிஃப்ட் நின்றது. அது நிற்பதும் ஓடுவதும் வழக்கம்தான், ஆனால் இந்த முறை நின்றது நின்றதுதான். பாக்கியம் அக்காவின் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்; சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். புண்ணுக்கு மருந்து கட்ட ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாட்களில் அவரை நாற்காலியோடு ஆட்கள் தூக்கி இறக்குவார்கள். எத்தனையோ மூட்டை தூக்கிய மனிதர் தானே மூட்டையாகி இறங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அதைப் பார்த்த பிறகு நான் சும்மா இருப்பேனா? வீடு வீடாக ஏறி இறங்கினேன். கைச்சாடை, கொஞ்ச மலாய், கொஞ்ச இங்கிலீஷ். நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். வாடகை கட்டாமல் ஒளிய வேண்டாம். எப்போதும்போல வரிசையில் நிற்போம். சன்னலுக்கு வந்ததும் பணத்தைக் காட்டுவோம், ‘லிஃப்ட் டூலு’, முதலில் லிஃப்ட், என்று சொல்லிவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போவோம். எடுத்த பணம் அவரவர் வீட்டு மைலோ டின்னில் இருக்கும். லிஃப்ட் ஓடிய அன்று மொத்தமாகக் கட்டுவோம்.

அப்படி மாதங்கள் போயின. ஒவ்வொரு மாதமும் இவர் சம்பளத்தன்று வாடகையை எண்ணி என் கையில் தருவார். நான் முன்வரிசையில் நிற்பேன். காக் மற்றவர்களோடு வாக்குவாதப்படுவார், பயமுறுத்துவார், சில நேரம் கெஞ்சவும் செய்வார். என்னிடம் மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார். லேசாகச் சிரித்து, போகலாம் என்று தலையசைப்பார். படித்த பெண் என்று மரியாதை தருகிறார் என்று நினைத்தேன். பாக்கியம் அக்காகூட ஒருதரம் பெருமையாகச் சொன்னார்: “ஒன்னக் கண்டா அவளுக்கே பயம் தங்கச்சி.”

ஒரு காலையில் கதவைத் திறந்தபோது தாழ்வாரம் முழுக்க வெள்ளைத் தாள். ஒவ்வொரு கதவிலும் சிவப்பு எழுத்தில் நோட்டீஸ்: பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் கதவில் இல்லை. காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தேன். சப்பாத்து வைக்கும் தட்டுக்குப் பின்னால் பார்த்தேன், படிக்கட்டு வரை போய்ப் பார்த்தேன். பாக்கியம் அக்கா தன் கதவின் நோட்டீஸுக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா தேடுற?”

“எங்கட நோட்டீஸ், அக்கா.”

அவர் என் கதவைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். பசை பட்ட அடையாளம்கூட இல்லாமல் அது சுத்தமாக இருந்தது. அப்போதுதான் அந்தச் சன்னலின் சிரிப்பு எனக்கு விளங்கியது.

மாலையில் இவர் பெரியில் இருந்து இறங்கி வந்து, படியேறிய களைப்பில் சட்டையைக் கழற்றும் முன்பே கேட்டேன். மறைக்கவில்லை. அறிவிப்பு தொங்கிய மாதமே மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் பேங்கில் கையெழுத்து வைத்துவிட்டாராம்.

“அப்ப எனக்கு மாதாமாதம் தந்த காசு?”

“அது வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும்னு. நீயும் சந்தோஷமா போயி நின்ன. அத ஏன் கெடுக்கணும்?”

“ஏன் என்னட்டச் சொல்லேல்லை?”

“சொன்னா நீ கட்ட விட மாட்ட. எல்லாரும் கட்டாம இருக்கறப்ப ஒருத்தன் கட்டுனா என்ன கெட்டுப்போச்சு? அங்கத்த வீட்ட விட்டுட்டு வந்துட்ட. இங்கயும் தெருவுல நிக்கணுமா? வீட்டக் காப்பாத்துனது நான்லா.”

அவர் கோபத்தில் பேசவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எனக்காகப் பயந்த ஒரு மனிதர், என் பயத்தை என்னிடம் கேளாமலே தன் பயமாக்கி, என் கையில் வெறும் தாளைக் கொடுத்து வரிசைக்கு அனுப்பியிருக்கிறார். மாதாமாதம் நான் நாடகம் போட்டிருக்கிறேன். நாடகம் என்று தெரியாத ஒரே ஆள் நான்தான்.

பாக்கியம் அக்காவின் கதவைத் தட்டி, எனக்குத் தெரியாதக்கா, சத்தியமாய்த் தெரியாது என்றேன். அவர் அழவில்லை, ஏசவில்லை. “தெரியாதா? ஒரே வீட்லதான இருக்கீங்க” என்றார். பிறகு கதவைச் சாத்தும்போது, “படிச்சவங்க வீட்டுக் கதவு எப்பவும் சுத்தமாத்தான் இருக்கும்” என்றார். அந்த வாரமே எல்லோரும் மைலோ டின்னைத் திறந்து மொத்தமாகக் கட்டிவிட்டார்கள். யார் யாரை நம்புவது என்று தெரியாத பிறகு யார்தான் நிற்பார்கள்? லிஃப்ட் மிகவும் தாமதமாகத்தான் ஓடியது. அதற்குள் அக்காவின் கணவரை நிபோங் திபாலில் அவருடைய தம்பியின் தரைவீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அக்கா வேலையை விட முடியாமல் இங்கே தனியாக இருக்கிறார். லீவு நாளில் பெரியும் பஸ்ஸும் பிடித்துப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார். அவருடைய மிதியடிச் சத்தம் எங்கள் கதவைத் தாண்டும்போது வேகமாகும்.

என்னோடு படித்த பலர் இப்போது இலண்டனிலும் வேறு நகரங்களிலும் இதேபோலச் சபை வீடுகளில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் இப்படி ஓர் அறிவிப்பு வந்திருக்கும். வாடகையை பேங்க் கழிக்கலாமா, கூடாதா? வரிசையில் அரைநாள் சம்பளத்தை இழக்கிற தாய்மாருக்கு அது பெரிய உதவி. அதை நான் மறுக்க மாட்டேன். பேங்க் மறக்காது, பயப்படாது, நோட்டீஸ் வரவும் விடாது. ஆனால் பேங்குக்கு லிஃப்ட் வேண்டாம், எதிர்வீடும் வேண்டாம். நம்மைப்போல் குடியிருப்பவர்களிடம் சபையைத் திரும்பிப் பார்க்க வைக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான், கட்டாமல் கையில் பிடித்து நிற்கிற அந்த வாடகை. அதை பேங்கிடம் கொடுப்பதென்றால் கொடுங்கள். தாழ்வாரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கொடுங்கள். முதலில் உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஏற்கெனவே கொடுத்தாயிற்றா என்று.

இப்போது பலரும் பேங்கில் கையெழுத்து வைத்துவிட்டார்கள். வரிசை குட்டையாகிவிட்டது. இந்த மாதமும் நான் கீழே இறங்கிப் போய் அதில் நின்றேன். ஏன் என்று என்னைக் கேட்டால் தெரியாது. எனக்கு முன்னால் பாக்கியம் அக்கா. திரும்பாமலே கேட்டார்: “நீ எதுக்கு நிக்கிற? ஒங்களுதுதான் பேங்க் கட்டிருமே.” அவர் கட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போனார். சன்னலில் பழைய காக் இல்லை, மாற்றலாகி வந்த ஓர் இளம்பெண். என் வெறுங்கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“ரூமா சியாப்பா?”

இந்த நேரத்துக்கு என் வளவில், என் கிணற்றில், எனக்குப் பெயர் தெரியாத ஒருத்தி தண்ணீர் அள்ளிக்கொண்டிருப்பாள். கம்பியைப் பிடித்தபடி நின்றேன். அவள் இரண்டாம் முறை கேட்டாள். பின்னால் நின்றவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் குடையை எடுத்து என் காலுக்கு முன்னால் வைத்தார்.