ரெண்டு பேருக்கு ஒரு புத்தகம்

எண்பத்தாறாம் வருடத்துக் குளிர்காலம். நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் நானும் கணவரும் இருந்தோம். கல்யாணமாகி அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர் காலையில் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போனால் இருட்டின பிறகுதான் வருவார். எனக்கு வேலை பார்க்க விசா அனுமதி கிடையாது. டிரைவிங்கும் தெரியாது.

நவம்பரில் எனக்குக் கரு கலைந்துவிட்டது. ஊரில் யாருக்கும் தெரியாது. உண்டாகியிருப்பதையே இன்னும் சொல்லியிருக்கவில்லை, கலைந்ததை எப்படிச் சொல்வது? கணவர் நல்லவர்தான். ஆனால் அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய் டி.வி.யைப் போட்டுவிடுவார். "வயசிருக்கு, அடுத்தது பிறக்கும்" என்றார் டாக்டர்.

பகல் முழுக்க வீட்டில் உட்கார முடியாமல், நடக்கிற தூரத்திலிருந்த பப்ளிக் லைப்ரரிக்குப் போக ஆரம்பித்தேன். வாசலுக்கு நேரே புதுப் புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி. அதில் ஒரு கறுப்பினப் பெண் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகம் இருந்தது. அட்டையில் படிக்கட்டில் தனியாக ஒரு சிறுமி. அந்த முகத்துக்காகவே எடுத்தேன். வார இறுதியில் சந்திக்கிற நம்மூர் ஆன்ட்டிகள், "கறுப்பங்க இருக்கிற பக்கம் தனியா போயிடாதே" என்று சொல்லியிருந்தார்கள். எனக்கோ கறுப்பினத்தவர் ஒருவரைக்கூடத் தெரியாது.

கதை புரிந்தது, பேச்சு வருகிற இடங்கள்தான் புரியவில்லை. தெற்கத்தி மாநிலத்துப் பேச்சை வாயில் வருகிறபடியே எழுதியிருந்தார். டிக்‌ஷனரியில் அந்த வார்த்தைகளே இல்லை. வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த பெண்மணி, நான் படித்து முடித்ததும் அந்தப் புத்தகம் தனக்கு வேண்டும் என்றார். கறுப்பினப் பெண்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். காலை டிரிப்புக்கும் பிற்பகல் டிரிப்புக்கும் நடுவில் அங்கே வந்து படிப்பாராம்.

எனக்குப் பாதி புரியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு போகவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் படிக்க ஆரம்பித்தார். ஆச்சரியமாக, எல்லாம் புரிந்தது. கரிசல்காட்டுப் பேச்சை அச்சில் பார்த்துத் திணறுகிறவருக்கு, அதையே ஊர்க்காரர் பேசிக் கேட்டால் பளிச்சென்று பிடிபடும் இல்லையா, அந்த மாதிரி. தன் அம்மா இப்படித்தான் பேசுவார் என்றார்.

அன்றிலிருந்து பஸ் ஓடுகிற நாளெல்லாம் அவர் படிப்பார், நான் கேட்பேன். யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று குழந்தைகளுக்குக் கதை சொல்கிற சின்ன அறைக்குப் போய்விடுவோம்.

ஒருநாள் ஓர் அத்தியாயம். எழுதியவருக்குக் குழந்தை தங்காமல் போகிறது. மறுநாளே வேலைக்குப் போகிறார், யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. இவர் பாதியில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கும்தான்... நவம்பர்ல," என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "பேர் ஏதாவது நினைச்சு வெச்சிருந்தியா?" என்று கேட்டார்.

வைத்திருந்தேன். கணவரிடம்கூடச் சொல்லாத பெயர். சொன்னேன். அதில் ஒரு 'ழ' உண்டு. அவருக்கு வரவில்லை. என் வாயைப் பார்த்துப் பார்த்து, சரியாக வருகிறவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பஸ் எடுக்க நேரமாகிறவரை என்னோடு சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் நன்றாக அழுதேன்.

வசந்தத்தில் கணவருக்கு டெக்ஸஸில் வேலை கிடைத்து அவசரமாகக் கிளம்பினோம். சொல்லிக்கொள்ள லைப்ரரிக்கு ஓடினேன். ஸ்கூல் லீவு, அவர் வரவில்லை. போன் நம்பரும் வாங்கி வைத்திருக்கவில்லை. மிச்ச அத்தியாயங்களை ஹூஸ்டனில் இன்னொரு லைப்ரரியில் தனியாகத்தான் படித்து முடித்தேன். அதற்குப் பிறகு கறுப்பின எழுத்தாளர்களின் புது நாவலோ சுயசரிதையோ எது வந்தாலும் தேடிப் படிக்கிறேன். பேச்சு வருகிற இடங்களை மட்டும் வாய்விட்டு.

இன்றைக்கும் யாராவது இப்படி ஓர் இழப்பை என்னிடம் சொன்னால், அடுத்தது பிறக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் ஏதாவது நினைத்து வைத்திருந்தார்களா என்று மட்டும் கேட்கிறேன்.