வெந்நீர் வாங்கப் போனவர்கள்

சாராள் சிஸ்டரிடம் எதையும் மறைக்க முடியாது என்று மேற்குத் தாம்பரத்தில் ஒரு காலத்தில் பேச்சு உண்டு. வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட அவள் எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும், மாமியார் சண்டை வரைக்கும் கொட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போவார்கள்.

டாக்டர் ஸ்ரீநிவாசராகவன் நடத்திய சின்ன நர்ஸிங் ஹோம் அது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. டாக்டர் கெட்டிக்காரர்தான், ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. "உடம்புக்கு என்ன?" என்று அவர் கேட்கிற தொனியிலேயே பாதிப் பேருக்கு வந்த நோய் மறந்துபோகும். அதனால் புதிதாக வருகிறவர்களை முதலில் சாராளிடம் அனுப்பிவிடுவார்.

அவள் நோயைப் பற்றி நேராகக் கேட்டதே இல்லை. "ரயில்லயா வந்தீங்க? அப்போ பாலம் ஏறித்தான் வந்திருப்பீங்க. ஒரே மூச்சுல ஏறிட்டீங்களா, நடுவுல நின்னீங்களா?" என்பாள். தாம்பரம் ஸ்டேஷன் பாலம் அவளுக்குப் பாதி வைத்தியம் பார்த்துக் கொடுத்தது. குடிக்கிறவரிடம் குடிப்பீர்களா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? "சாயந்திரம் வேலை முடிஞ்சா நேரா வூட்டுக்கா, இல்ல கூட்டாளிங்களோடயா?" என்று சாதாரணமாகக் கேட்பாள். அந்த மனிதர் தலையைச் சொறிந்தால் அவளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

தொல்லை எல்லாம் கூட வருகிறவர்களால்தான். நம் ஊரில் நோயாளி என்றைக்குத் தனியாக வந்திருக்கிறார்? கேள்வி நோயாளிக்கு, பதில் கூட வந்தவருக்கு. ஒருமுறை பம்மலிலிருந்து ஓர் அம்மாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண் வெளிறிப்போய், நிற்கவே தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். பசிக்கிறதா என்றால் மாமியார், "நல்லாத் துண்றாம்மா" என்றாள். தூக்கம் வருகிறதா என்றால், "தூங்கிகினேதான் கீறா" என்றாள். தலை முழுகிய நாளைக்கூட மாமியார்தான் சொன்னாள்.

சாராள் பிளாஸ்க்கை எடுத்து நீட்டினாள். "அம்மா, எதிர்த்தாப்ல பொன்னுசாமி டீக்கடையில கொஞ்சம் வெந்நீர் வாங்கிட்டு வர்றீங்களா?"

இதுதான் அவளுடைய வித்தை. இதில் டீக்கடைப் பொன்னுசாமியும் கூட்டு. சிஸ்டர் அனுப்பிய பிளாஸ்க் என்றால் அவனுக்குத் தெரியும். "குந்தும்மா, அடுப்பு இப்பதான் பத்த வச்சுக்கினு கீறேன்" என்று கொதிக்கிற பாய்லருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொல்வான். அந்த இடைவெளியில் மருமகள் வாயைத் திறந்தாள். "எல்லாரும் சாப்ட அப்பறம்தான் சிஸ்டர் நான் சாப்புடுவேன். அதுக்குள்ள கொழம்பு தீந்துடும்."

மாமியார் திரும்பி வந்ததும் சாராள் இதில் ஒரு வார்த்தை விடவில்லை. "டாக்டர் இந்த மாத்திரை எழுதியிருக்காரும்மா. ரொம்ப ஸ்ட்ராங்கு. எல்லாருக்கும் முன்னாடி வயிறு நெறைய சாப்ட வச்சுட்டுக் குடுக்கணும், இல்லன்னா மயக்கம் வந்துடும்" என்றாள். இரும்புச் சத்து மாத்திரைதான். அடுத்த தடவை வந்தபோது பெண்ணின் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. அவள் சொன்னதைச் சாராள் டாக்டரிடம்கூட விவரமாகச் சொல்லவில்லை. கேட்டதைக் காப்பாற்றத் தெரியாதவளுக்குக் கேட்கிற உரிமை கிடையாது என்பது அவள் கட்சி.

டாக்டர் காலமாகி, நர்ஸிங் ஹோம் மூடி, சாராளும் ஓய்வு பெற்றுவிட்டாள். ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பி அந்தக் கட்டடத்தைப் பார்ப்பாள். டெட்டால் வாசனை, பொன்னுசாமி கடை பாய்லரின் ஆவி, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முகங்கள் எல்லாம் ஒரு நிமிடம் வந்து போகும். அந்த வேலை போனதில் அவளுக்குத் தீராத ஏக்கம்தான், அதை அவள் மறைத்ததும் இல்லை.

போன மாதம் அவள் கணவர் வில்பிரட்டுக்கு முட்டி ஆபரேஷன் என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்தில் காலம் முழுக்க நின்றுகொண்டே கணக்குச் சொல்லிக் கொடுத்த முட்டி. குரோம்பேட்டையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மறுநாள் ஆபரேஷன் என்று முந்தின நாள் காலையில் சேர்த்தார்கள். விவரம் கேட்க ஓர் ஆண் நர்ஸ் வந்தான். ஜீவானந்தம் என்று சட்டையில் பெயர் இருந்தது. எல்லோரும் பிரதர் என்று கூப்பிட்டார்கள்.

"சார், சுகர் இருக்கா?"

"பார்டர்லதான் இருக்கு. மாத்திரை இல்ல" என்றாள் சாராள்.

"தூக்கம் எப்படி சார்?"

"நல்லாத் தூங்குவாரு. குறட்டை உண்டு."

"நடந்தா மூச்சு வாங்குமா சார்?"

"மூச்சு எல்லாம் ஒண்ணும் இல்ல பிரதர். முட்டிதான். ஸ்டேஷன் பாலத்துல பாதியில நின்னுடுவாரு, வலி தாங்காம."

வில்பிரட் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். ஜீவானந்தம் அதைப் பார்த்தான். கையிலிருந்த டேப்லெட்டைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான். "மேடம், கீழ இன்சூரன்ஸ் கவுண்டர்ல உங்க கையெழுத்து ஒண்ணு வேணுமாம். கொஞ்சம் போயிட்டு வந்துடுறீங்களா?"

சாராள் கீழே போனாள். கவுண்டரில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும், "ஜீவா பிரதர் அனுப்பினாரா மேடம்? உக்காருங்க, சிஸ்டம் இப்பதான் ஆன் ஆகுது" என்றாள். சிஸ்டம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

நாற்காலியில் உட்காரப் போன சாராள் அப்படியே நின்றாள். கையில் பிளாஸ்க் இல்லாததுதான் குறை. இந்தப் பையனுக்கும் ஒரு பொன்னுசாமி இருக்கிறாள். முதலில் சிரிப்பு வந்தது, வல்லவனுக்கு வல்லவன் உண்டுதான் என்று. அடுத்த நொடியே சிரிப்பு போய்விட்டது. காரணம் இல்லாமல் யாரையும் அவள் வெந்நீர் வாங்க அனுப்பியதில்லை. மேலே அந்த அறையில் இவர் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்? தன்னை வைத்துக்கொண்டு சொல்ல முடியாதது இவருக்கு என்ன இருக்கிறது?

லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறினாள். ஆனால் கதவருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. உள்ளே கணவரின் குரல் தாழ்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டது. உள்ளே போக எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது. போகவில்லை. பேச்சைப் பாதியில் அறுத்தால் மறுபடி வராது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? சுவரோரமாக நின்றாள். எத்தனை புருஷன்மாரை, மாமியார்களைத் தான் இப்படி நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜீவானந்தம் வெளியே வந்தான். "மேடம், நாளைக்கு ஆபரேஷன் இருக்காது. முதல்ல ஹார்ட் டாக்டர் பாக்கட்டும். டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லப் போறேன்."

"ஹார்ட்டா? என்ன சொன்னாரு?"

"அதை சாரே உங்ககிட்ட சொல்லட்டும் மேடம்."

சாராளுக்குக் கோபம் பொங்கியது. இவனிடம் சொன்னது தனக்கில்லையா? ஆனால் அவன் இடத்தில் தான் இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்று தெரிந்ததால் அந்தக் கோபத்தை அவன்மேல் காட்ட முடியவில்லை. உள்ளே போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"முட்டி இல்ல சாரா" என்றார் வில்பிரட். "பாலத்துல பாதி ஏறினதும் நெஞ்சு அடைச்சுக்கும். கம்பியப் பிடிச்சுட்டு நிப்பேன். நீ பக்கத்துல நின்னு, 'முட்டிதான், மெதுவா வாங்க'ன்னு சொல்லுவ. சரி, முட்டின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்படியே மயக்க மருந்து குடுத்திருந்தா என்னங்க ஆகியிருக்கும்? என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "சொன்னா புதன்கிழமை சங்கத்துல சொல்லிடுவ."

சாராளுக்கு உடனே புரிந்தது. போன வருஷம் அவருக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டபோது அவள் தேவாலயச் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில், இன்னதற்காக ஜெபியுங்கள் என்று ஜெபக் குறிப்பு கொடுத்தாள். சங்கத்துச் செயலாளர் ஹெப்சி முழங்காலில் நின்று, அண்ணனின் நீர்ப்பாதை திறக்க வேண்டுமென்று கணீரென்ற குரலில் ஜெபித்தாள். அதற்கடுத்த ஞாயிறு கோயில் வாசலில் பாடகர் குழு முதல் பழைய மாணவர்கள் வரை கையைக் குலுக்கி, "இப்போ நல்லாப் போகுதா சார்?" என்று விசாரித்தார்கள். வில்பிரட் சார் ஒரு மாதம் கோயில் பக்கமே போகவில்லை. வெயில் காரணம் என்று சாராள் நினைத்திருந்தாள்.

அன்பில்தான் சொன்னாள். அதில் சந்தேகமில்லை. பம்மல் மருமகளின் குழம்பு விஷயத்தைக் காப்பாற்றியவள், கட்டிய புருஷனின் மூத்திரத்தை ஊருக்கே அறிவித்திருக்கிறாள். வீட்டுக்காரர் என்றால் கேட்கவும் வேண்டாம், காக்கவும் வேண்டாம் என்று எப்போது முடிவு செய்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கண் கலங்கியது.

அன்றைக்கும் புதன்கிழமைதான். கைப்பையில் போன் அடித்தது. ஹெப்சி. "அக்கா, அண்ணன் எப்படி இருக்காரு? சங்கத்துல எல்லாரும் இருக்கோம். என்ன குறிப்பு வச்சு ஜெபிக்கட்டும்?"

சாராளின் நாக்கு நுனி வரை பதில் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு போனை வில்பிரட்டிடம் நீட்டினாள். "உங்களைத்தான் கேக்குறாங்க."

அவர் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு போனைக் காதில் வைத்தார். "நல்லா இருக்கேம்மா. முட்டிக்கு ஜெபம் பண்ணுங்க. ஆமா, முட்டி மட்டும்தான்."

அந்தப் பக்கம் சங்கம் முழுவதும் சத்தமாக முட்டிக்காக ஜெபிக்க ஆரம்பித்தது. சாராள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உதடுகூட அசையாமல், நெஞ்சுக்காக ஜெபித்தாள்.