அக்காவின் கார்டில் தங்கை

என் மனைவியை மூட்டுவலிக்காகத் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது ஒரு திங்கட்கிழமை. டாக்டர் முழங்காலைத் தொடுவதற்குள் கம்ப்யூட்டர் மருந்துச் சீட்டை முடித்துவிட்டிருந்தது. வலிக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு ஒன்று.

"போன வருஷமே ஷுகர் வந்துடுச்சும்மா. நீங்கதான் கவனிக்கல" என்றார். பழைய பரிசோதனை திரையில் சிவப்பாக நின்றது. நம்பினோம்.

வியாழன் காலை பத்தரைக்கு, நகரியில், எங்கள் விசைத்தறிக்குப் பக்கத்திலேயே அவள் வியர்த்து விழுந்தாள். பக்கத்து வீட்டம்மா சர்க்கரை நோயாளி; பார்த்ததும் சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு சர்க்கரைத் தண்ணீர் புகட்டினார். கண் திறந்தவள், "இந்த மாத்திர துன்றதுக்கு மூட்டுவலியே தேவலாங்க" என்றாள்.

மத்தியானமே மறுபடி திருப்பதி. டாக்டர் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "சாப்பிடாம மாத்திரை போட்டிருப்பாங்க. சிஸ்டம்லயே இருக்கே, உந்தி கதா!"

தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். போன வருஷம் அவளுக்கு ரத்தம் எடுத்ததாக நினைவே இல்லாததால், அந்த வருஷத்து நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். திரையிலிருந்த பரிசோதனைத் தேதியை அவரை வாசிக்கச் சொல்லி, அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். அன்று என் மனைவி சித்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்திருக்கிறாள். அடுத்த வரி: "மைத்துனிக்குக் காய்ச்சல். திருப்பதியில் அக்கா கார்டில் காட்டினோம்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. புது ஆஸ்பத்திரிக் கார்டு போட அரைநாள் வரிசையில் நிற்க வேண்டும். வீட்டில் ஒரு கார்டு இருந்தால் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதையே நீட்டுவோம். அன்று நீட்டியவன் நான்.

டாக்டர் முதல் தடவையாக என் மனைவியின் விரலைப் பிடித்தார். ஒரு சொட்டு ரத்தம்; மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை. அவளுக்குச் சர்க்கரை நோய் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். திரையில் இருப்பதை அழிக்க மட்டும் அவருக்கு அனுமதி இல்லையாம்.

"அப்போ அது என் தங்கச்சி ரத்தமா?" என்றாள் மனைவி.

போன வருஷம் மைத்துனிக்கு ரத்தம் எடுத்ததும், காய்ச்சல் மாத்திரையை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டோம். பரிசோதனை முடிவு பிறகு வந்திருக்கிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும். வராந்தாவுக்கு வந்து பிச்சாட்டூருக்குப் போன் போட்டேன்.

"நல்லாத்தான் கீறேன் மாமா" என்று மைத்துனி சிரித்தாள். "கழனில முள்ளு குத்துன புண்ணுதான் ரெண்டு மாசமா ஆறல. கால் வெரலு கருத்துப்போச்சு. ஆனா இப்போ வலியே இல்ல மாமா, நடந்துக்கினுதான் கீறேன்."