மரமேறும் கோழியும் கட்டிலடிக் கோழியும்

எனக்கு அஞ்சாவது வரைதான் படிப்பு. எழுத உட்கார்ந்தால் முன்னது பின்னதாக வரும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் முட்டை வியாபாரம் தொடங்கப் போவதாகச் சொன்னாள். நன்னிலத்தில் சில வீடுகளுக்கும் ஒரு மெஸ்ஸுக்கும் பேசியும் வைத்துவிட்டாள். கோழி வேன் வந்து வாசலில் நின்றபோது என் பக்கம் திரும்பி, "என்ன கோழி வாங்கலாம், நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள். இந்த வீட்டில் என் சேலைக்குக்கூட யாரும் என்னிடம் நிறம் கேட்டதில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேனில் இரண்டு வகை இருந்தது. ஒன்று சிறுவிடை, நம் நாட்டுக்கோழி. மெலிசான உடம்பு, பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறிக்கொள்ளும். ஆனால் ஒரு ஈடு, அதாவது பத்துப் பன்னிரண்டு முட்டை, வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். மற்றது பண்ணைக் கலப்பினம். அநேகமாகத் தினமும் முட்டை என்றார் கோழிக்காரர். கனத்த உடம்பு, தரையில்தான் ஒண்டும்.

எங்கள் கொல்லை பள்ளம். ஐப்பசியில் வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் அங்கேதான் வரும். தரையில் கிடக்கிற கோழி என்ன செய்யும்?

"மரம் ஏறுறதே இருக்கட்டும்" என்றேன், மெதுவாக.

கோழிக்காரர் சிரித்தார். "ஏம்மா, முட்டை விக்கப் போறீங்களா, சர்க்கஸ் நடத்தப் போறீங்களா?"

மருமகள் சிறுவிடையையே இறக்கச் சொன்னாள். கலப்பினத்தைப் பக்கத்து பாய் வீட்டம்மா வாங்கிக்கொண்டார்கள்.

மழை வந்தது. கொல்லையில் முழங்கால் தண்ணீர். எங்கள் கோழிகள் பூவரசில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடச் சாகவில்லை. முட்டையும் இல்லை. பாய் வீட்டம்மா தங்கள் கோழிகளை ஹாலுக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் விட்டார்கள். அவை அங்கேயே முட்டையிட்டன.

"பெரியம்மா, எங்க வீட்டுதுங்க டிவி பாத்துக்கிட்டே முட்டை போடுதுங்க. உங்களுது இன்னும் மரத்துலதானா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

மெஸ்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். பேசி வைத்த வீடுகளில் மட்டும் இன்னும் முட்டை கேட்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் மருமகள், "அடுத்த தடவை எது வாங்கலாம் அத்தை?" என்றாள். மறுபடியும் என்னிடமே. கோபமா, மரியாதையா, முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. கோழி பிழைத்தது, வியாபாரம் படுத்துவிட்டது. நான் சொன்னது சரியா தப்பா? "நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

சிறுவிடை மழையில் முட்டை வைக்காதது அதன் குணமா, நனைந்ததாலா, நான் தீவனம் சரியாக வைக்காததாலா, தெரியவில்லை. வகைகளைப் பற்றி நான் எழுதியதும் தப்பாக இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திச் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.