வரைபடத்தில் இல்லாத மடை

நான் வேலைக்குப் போகும் ஆற்றங்கரையில், ஒரு மரத்தின் இடுப்பில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். மூன்று நாள் அதைத் தாண்டிப் போனேன், நின்று படிக்கவில்லை. அரசாங்கம் ஒரு மரத்தில் எதையாவது ஒட்டினால் அந்த மரத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். காரைக்குடிப் பக்கம் ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்களுக்கெல்லாம் வெள்ளை வட்டம் போட்டு எண் எழுதினார்கள். அடுத்த வாரம் அந்த இடத்தில் வெயில் மட்டும் இருந்தது. நாலாம் நாள் மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கி நின்றபோது வேறு வழியில்லாமல் அந்தக் காகிதத்தைப் படித்தேன். இந்த ஆற்றங்கரையில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஒரு பாதை போடலாமா என்று யோசிக்கிறோம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அதில் கேட்டிருந்தது. என்னிடமா கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒரு வாத்து நின்றுகொண்டிருந்தது.

இது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர். நான் இங்கே முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஷிஃப்டுக்கு முதல் பஸ் வருவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும் என்பதால் ஆற்றோரமாக நடப்பதுதான் வழி. குளிர்காலத்தில் எட்டு மணிக்குத்தான் விடியும். சேறு கணுக்கால் வரை வரும், ஒரு விளக்கு கிடையாது. ஒரு தடவை வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் யாரையும் படுக்கையிலிருந்து தூக்கி உட்காரவைக்க முடியாமல் வீட்டில் கிடந்தேன். ஆகவே பாதை வேண்டுமா என்று கேட்டால் எனக்குச் சொல்ல ஏகப்பட்டது இருந்தது. ஆனால் சொல்லிப் பழக்கமில்லை.

கருத்துக் கேட்க அந்தக் காகிதத்தில் குறித்திருந்த நாளில் நூலகத்துக்குப் போனேன். பெரிய வரைபடம் விரித்த மேசைக்குப் பின்னால் உள்ளாட்சிக் கவுன்சிலிலிருந்து வந்திருந்த ஹெலன் என்ற பெண் உட்கார்ந்திருந்தார். "எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?" என்று கேட்டேன். அவர் குழம்பிப்போய் வருகைப் பதிவு நோட்டைக் காட்டினார். போட்டேன், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஹெலன் வாசல் வரை பின்னாலேயே ஓடி வந்தார்.

"நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே!"

"எனக்கு ஆட்சேபணை இல்லை."

"எதற்கு?"

"நீங்கள் என்ன செய்யப்போகிறீர்களோ அதற்கு."

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மறுபடி மேசைக்கு அழைத்துப்போய், வரைபடத்தில் நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் சத்தமாக, "இது… ஆறு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தெரியும். நாலு வருடமாக அதன் கரையில்தான் வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன்" என்றேன். ஹெலன் கோபித்துக்கொள்ளவில்லை. பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதினார். எந்த இடத்தில் விழுந்தீர்கள், எத்தனை மணிக்கு, விளக்கு எங்கிருந்து எங்கே வரை வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். என் நாற்பத்தைந்து வயதில் முதன்முறையாக ஒரு சர்க்கார் ஆள் என் வாயிலிருந்து வந்ததைக் காகிதத்தில் எழுதியிருந்தார்.

நான் ஏன் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளங்கும். கல்லலுக்குப் பக்கம் எங்கள் ஊர். கிராம சபை என்றால் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரிசையில் உட்காரவைத்துத் தீர்மான நோட்டை நீட்டுவார்கள். நோட்டில் மேலே நாலைந்து பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்பது நோட்டை நீட்டியவரைச் சந்தேகப்படுவது மாதிரி. தெரிந்த முகத்தை எப்படிச் சந்தேகப்படுவது? நான் பிளஸ் டூ முடித்த வருடம் அன்றைய ஊராட்சிச் செயலர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஒன் எழுத்து முத்து முத்தா இருக்குத்தா. இந்த மேல் பக்கத்த நெரப்பிக் குடு" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். அதைப் பார்த்து எழுதினேன். 'கூட்டத்தில் விவாதிக்கப்பட்டு ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' யாரும் விவாதிக்கவில்லை என்பது அங்கேயே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். இருந்தாலும் 'ஒருமனதாக' என்ற சொல்லைக் கொஞ்சம் பெரிதாக, சாய்வாக, அழகாக எழுதினேன். டீயும் வடையும் கொடுத்தார்கள். வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

நூலகத்துக்குப் போய்வந்த சில மாதங்களில், ஒரு சித்திரையில் அண்ணன் போன் செய்தான். எங்கள் கண்மாய்க் கரையிலும் பாதை போடுகிறார்களாம். கரையை உயர்த்தி, மேலே சிவப்பும் மஞ்சளுமாகப் பேவர் பிளாக் பதித்து, தண்ணீர்ப் பக்கம் நீளமாகத் தடுப்புச் சுவர் கட்டுகிறார்களாம். மெயின் ரோட்டை ஒட்டி வந்திருக்கும் புது பிளாட்டுகளில் குடியிருப்பவர்கள் காலையில் நடக்க, பிள்ளைகள் சைக்கிள் ஓட்ட. நடக்கட்டும், ஓட்டட்டும். நான் அதற்கா வேண்டாம் என்பேன்? ஆனால் அந்தச் சுவர் சின்ன மடையின் வாயில் போய் உட்கார்ந்துவிட்டது. கரைக்கு அடியில் இருக்கும் அந்தத் திறப்பு வழியாகத்தான் கண்மாய்த் தண்ணீர் எங்கள் வயலுக்கும் பக்கத்து நாலு பேர் வயலுக்கும் வரும். வேறு வழியே கிடையாது.

"யாரும் ஒண்ணும் கேக்கலயா அண்ணே?"

"கேட்டாகளே."

"என்ன கேட்டாக?"

"கையெழுத்து."

"போட்டியா?"

"நீட்டுனாக, போட்டேன். எப்பவும் போடுறதுதானத்தா."

போனிலேயே கத்தினேன். அடுத்த முனையில் மதினி, "யாரு, இங்கிலாந்தா? இம்புட்டுத் தூரம் கேக்குது" என்று சிரித்தது காதில் விழுந்தது. ஐப்பசி மழைக்குள் மடை திறக்காவிட்டால் அந்த வருடம் விதைத்தது விதைத்தபடி கருகும் என்று மதினிக்கும் தெரியும். சிரிக்காமல் என்ன செய்வாள்?

ஆவணியில் லீவு போட்டுப் போனேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். இப்போதைய செயலர் என் வயதுக்காரர், மரியாதையான ஆள். "வாங்கம்மா, எப்ப வந்தீக? அங்குட்டெல்லாம் குளிரு ரொம்பவோ?" என்று மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"சின்ன மடைய அடைச்சுட்டீக" என்றேன்.

"எந்த மடை?" என்றவர், பீரோவிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். சிமெண்டு பெஞ்சு எங்கெங்கே, விளக்குக் கம்பம் எங்கெங்கே, போட்டோ எடுத்துக்கொள்ள இதய வடிவில் ஒரு வளையம் எங்கே, எல்லாம் இருந்தது. மடை இல்லை. "இங்க பாருங்க, எஸ்டிமேட்டுலயே மடை கெடையாது. இல்லாத மடைய நாங்க எப்பிடிம்மா அடைக்க முடியும்?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே என்னிடம் நியாயம் கேட்டார். "எந்திரிச்சு வாங்க, கரையில நின்னு காட்டுறேன்" என்றேன். "ஆட்சேபணை இருந்தா அன்னைக்கே சபையில சொல்லியிருக்கலாம்ல? அண்ணன் வந்திருந்தாகளே" என்று நோட்டைத் திறந்து காட்டினார். கீழே அண்ணனின் கையெழுத்து, கோணலாக. மேலே யாரோ ஒரு பெண்பிள்ளையின் முத்து முத்தான எழுத்தில், கொஞ்சம் பெரிதாக, 'ஒருமனதாக'. அந்தப் பிள்ளைக்கு டீயும் வடையும் கிடைத்திருக்கும். சண்டை போட வந்த நான், என் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சுதாரித்துக்கொண்டு, "ஆட்சேபணைய நான் எழுதித் தாரேன்" என்றேன்.

"தாராளமா. ஆனா வாக்காளர் பட்டியல்ல உங்க பேரு இப்ப இல்லயேம்மா. அண்ணன் எழுதிக் குடுக்கட்டும்."

அண்ணன் தரையைப் பார்த்தான். "வேணாத்தா, வா போவோம்" என்றான். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அவனைப் பிடிபிடி என்று பிடித்தேன். ஒரு கையெழுத்தைக் கேட்காமல் போடத் தெரிகிறது, ஒரு கையெழுத்தைக் கேட்டுப் போடத் தெரியவில்லையா என்றேன். அவன் சாவியைத் திருகியபடி, "நீ கத்திப்புட்டு ஏரோப்பிளேன் ஏறிருவ. நாளைக்கு ஒரு சர்டிபிகேட்டுன்னாலும் நான் இங்குட்டுத்தான் வந்து நிக்கணும்" என்றான். நான் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

என் பெயரிலேயே மேலே மனு அனுப்பினேன். விசாரிக்கச் சொல்லி அது கீழே வந்தது. கீழே என்றால் அதே மேசை, அதே மின்விசிறி. நான் இங்கிலாந்து திரும்பிய பிறகு பதில் வந்தது. அப்படி ஒரு மடை ஆவணங்களில் காணப்படவில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்கள், அந்த நாட்டுக்காரன் கேட்டுச் செய்கிறான் பார் என்று மெச்சிக்கொள்ள வேண்டாம். இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில் இன்னொரு கூட்டம் நடந்தது. ஆற்றைப் பார்த்துத் தோட்டம் வைத்திருப்பவர்கள் முன்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். விளக்குப் போட்டால் வௌவால்களுக்குத் தொந்தரவு என்றார் ஒருவர். எனக்கும் வௌவாலுக்கும் ஒரு பகையும் இல்லை. ஆனால் அவர் அடுத்து, "விடிவதற்கு முன்னால் அங்கே யார்தான் நடக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் எழுந்து "நான்" என்றேன். அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "ஒருவர்" என்று சொல்லி உட்கார்ந்தார். என் கருத்துக்கு நன்றி சொன்னார்கள். எங்கள் ஊரில் கேட்காமல் சுவரைக் கட்டிவிட்டார்கள். இங்கே கேட்டுக் கேட்டு ஒரு வருடத்தில் ஒரு கூடை சரளைகூடக் கொட்டவில்லை. அவரவர் பாணியில் எங்களைக் கைகழுவிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மனுவுக்குப் பதில் வந்த அதே நாளில் இந்தக் கவுன்சிலிலிருந்து மூன்றாவது தடவையாகக் கருத்துப் படிவம் வந்திருந்தது. இந்த ஆற்றோடு உங்கள் தொடர்பு என்ன என்று முதல் கேள்வி. குடியிருப்பவர், கடை வைத்திருப்பவர், சுற்றிப் பார்க்க வந்தவர், மற்றவர். ஆற்றோரம் நடந்து வேலைக்குப் போகிறவர் என்று ஒரு கட்டம் இல்லாததால் 'மற்றவர்' கட்டத்தில் டிக் போட்டேன். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டு வெறுமையாகப் பாதிப் பக்கம் விட்டிருந்தார்கள். மேலே வெறுமையாக விட்ட பக்கங்களை எனக்குத் தெரியும். இந்த முறை யார் சீட்டையும் பார்த்து எழுதவில்லை. ஆத்திரம் தீர எழுதினேன். சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கண்மாயில், கிழக்குக் கரையில், இரட்டைப் பனைக்கு நேர் கீழே ஒரு மடை இருக்கிறது. அதன் வாயில் நடைபாதைச் சுவர் நிற்கிறது. கரையில் பாதை போடுகிறவர்கள் தண்ணீருக்கு எது பாதை என்று அங்கே உழுகிறவனிடம் கேட்கவில்லை. அவன் என் அண்ணன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன், 'மடை'யை மட்டும் மடை என்றே எழுதினேன். மறுநாள் தபாலில் போட்ட பிறகு, இதைப் படிப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. நினைக்கட்டும்.

ஐப்பசித் தொடக்கத்தில் நல்ல மழை பெய்து நின்றது, பிறகு வெயில். அண்ணன் வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினான். புதுப் பாதையின் மேல் நின்றிருந்தான். ஒரு பக்கம் கண்மாய் நிரம்பித் தளும்பியது. போனை மறு பக்கம் திருப்பினான். எங்கள் வயலில் அந்த மழைக்கு முளைத்த பயிர் நுனி மஞ்சளாகி நின்றது. அவனுக்குப் பின்னால் ஷூ போட்ட இரண்டு பேர் கையை வீசி நடந்து போனார்கள். "இன்னும் பத்து நாளு தாங்கும்த்தா. ரோடு நல்லாத்தான் போட்டிருக்கான், காலுல சேறே ஒட்டல" என்றான்.

அதற்கடுத்த வாரம் கவுன்சிலின் அறிக்கை தபாலில் வந்தது. தடிமனான புத்தகம். வேலைக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு, அந்தக் காகிதம் கட்டியிருந்த மரத்தடியில் நின்று செல்போன் வெளிச்சத்தில் புரட்டினேன். பாதை தற்போது ஒத்திவைக்கப்படுகிறது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. பின்னால் எல்லோருடைய கருத்துகளையும் வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். என்னுடையதும் இருந்தது. இரட்டைப் பனை, கிழக்குக் கரை, மடை, ஒரு சொல் விடாமல். கீழே, 'இந்த மடை திட்டப் பகுதிக்கு வெளியே உள்ளது. கருத்து பதிவு செய்யப்பட்டது' என்று ஒரு வரி.

ஊரில் அப்போது உச்சி வேளை. அண்ணனைக் கூப்பிட்டு, திட்டிக்கொண்டே அந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப மடை இருக்குன்னு அவுக எழுதியிருக்காகளா?"

"வெளிய இருக்குன்னு எழுதியிருக்காக."

"எங்குட்டோ, இருக்குன்னுதான? கவர்மெண்டு முத்திரை இருக்கா?"

"அட்டையில இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்புத்தா. அட்டையவும் சேத்து. நானே ஆட்சேபணைய எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதோட வச்சு ஊராட்சியில குடுக்குறேன். இன்னைக்கே போறேன்."

ஒரு காலை மரத்தின் வேரில் தூக்கி வைத்து, புத்தகத்தை முழங்காலில் விரித்தேன். மறு கால் சேற்றில் புதைந்திருந்தது. விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது, கரையில் ஒரு விளக்கு இல்லை. முதல் படம் கறுப்பாக வந்தது. இரண்டாவதில் என் விரல்தான் தெரிந்தது. மூன்றாவது படத்தில்தான் மடை என்ற சொல்லைப் படிக்க முடிந்தது. அதை அனுப்பினேன்.