மச்சானின் ஜீன் புத்தகம்

மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதால்தான் எச்சில் பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. நாகர்கோவிலில் ஒரு கம்பெனி மாடியில் அறை எடுத்துப் பலகை மாட்டியிருந்தது. ஒரு சின்னக் குழாயில் எச்சிலைப் பிடித்து ஹைதராபாத்துக்கு அனுப்பினால், அங்கே நம் ஜீன்களைப் படித்து, எது நம் உடம்புக்கு ஆகும், எது ஆகாது என்று வண்ணப் புத்தகமாக அச்சடித்து அனுப்புவார்கள். இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில் இது எங்கள் பக்கத்துக்குப் புதுசு.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு திருப்பூரில் சாயப்பட்டறை, கோழிக்கோட்டில் பரோட்டாக் கல், கத்தாரில் கம்பி கட்டுவது என்று சுற்றியாயிற்று. கத்தாரிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்தது ஒரு போர்வையும் இடுப்பு வலியும். எச்சில் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று எனக்குத் தோன்றவில்லை. சாயத்தண்ணீரில் நின்ற காலுக்கு இது சுத்தமான வேலை.

தங்கியிருந்தது முட்டத்தில், அக்கா வீட்டில். மச்சான் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். திங்கள் விடியுமுன் போனால் சனிக்கிழமைதான் கரை. அவருக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை இருந்தது. நெய்யூரில் அவரைப் பார்க்கும் டாக்டர், அடுத்த முறை வரும்போதும் ரத்தத்தில் சர்க்கரை இப்படியே நின்றால் மாத்திரை போதாது, இன்சுலின் ஊசிதான் என்று சொல்லிவிட்டார். ஊசிக்கு மச்சான் பயப்படவில்லை. கடலில் மீன்முள்ளும் தூண்டிலும் குத்தாத இடம் அவர் உடம்பில் இல்லை. படகு முதலாளிக்குத்தான் பயந்தார். முந்தின வருடம் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒருவர் நடுக்கடலில் மயங்கி விழுந்து, பாதி வலையோடு படகைத் திருப்பவேண்டி வந்தது. அதிலிருந்து ஊசிக்காரர்களை முதலாளி ஏற்றுவதில்லை. மச்சானுக்கு வேறு தொழில் தெரியாது. கரையில் நாலு நாள் சேர்ந்தாற்போல இருந்தால் வீட்டில் உள்ளவர்களோடு சண்டை பிடிப்பார்.

இவ்வளவு இருந்தும் சாப்பாட்டை அவர் மாற்றவில்லை. சோறு குவியலாக வேண்டும், சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு வேண்டும், கடைச் சாயாவில் கரண்டி நிற்கும் அளவுக்குச் சீனி வேண்டும். அக்கா ஏதாவது சொன்னால் ஒரே பதில்தான்.

"எனக்க அப்பனுக்கு இருந்தது. அவருக்க அப்பனுக்கும் இருந்தது. வலை கைமாறி வந்த மாதிரி வந்தது இது. இதுக்குப் பாவம் சோறு என்ன செய்யும்?"

கம்பெனி ஊழியர் வீட்டுக்கு ஒரு குழாய் சும்மா தருவார்கள் என்று நான் வாய்விட்டதும் இருவரும் பிடித்துக்கொண்டார்கள். சர்க்கரை அப்பன் வழி வந்ததென்று எழுதி வந்தால் சோறு தப்பித்துவிடும் என்று மச்சான் நினைத்தார். சோற்றைக் குறை என்று எழுதி வந்தால் தன் வாய்க்கு ஓய்வு என்று அக்கா நினைத்தாள்.

அதற்குள் முட்டத்தில் முகாம் போடக் கம்பெனியே முடிவு செய்தது. பொறுப்பாக வந்தவர் சென்னையிலிருந்து வந்த உணவு ஆலோசகர், என்னைவிட வயது குறைந்த ஒரு மேடம். ஆண்கள் கரையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று கேட்டுத் தெரிந்து, சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, பூசை முடிந்ததும் கோயில் பக்கத்து ஹாலில் முகாம் என்று ஏற்பாடு செய்தார். கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து குழாயை வாங்கிக்கொண்டார்கள். யாரும் துப்பவில்லை.

மேடம் செய்து காட்டினார். வாயை எப்படிக் குவிக்கவேண்டும், எந்தக் கோடு வரை நிரப்பவேண்டும் என்று விளக்கினார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, குழாயை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். கடைசியில் முன்வரிசையில் இருந்த ஒரு மீன்காரப் பெண்மணி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"நன்மை எடுத்த வாயால துப்பவா சொல்லுக, மக்கா? ஒனக்க தலையில தண்ணி ஊத்தினதும் இந்தக் கோயில்லதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூசையில் நன்மை எடுத்தபின், அதாவது சாமியார் தரும் அப்பத்தை வாயில் வாங்கியபின், துப்பக்கூடாது என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. நான் பூசைக்குப் போய் வருடங்களாகியிருந்தன. மேடத்திடம் விளக்கினேன். எவ்வளவு நேரம் கழித்துத் துப்பலாம் என்று அவர் கேட்டார். ஒரு மணி நேரம் என்றார் ஒருவர். மத்தியானச் சாப்பாடு வரை என்றார் இன்னொருவர். ராத்திரி வரை கூடாது என்றது ஒரு மூலை. சாயங்காலம் வைக்கலாமா என்று மேடம் கேட்டபோது பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆண்கள் வாயில் என்ன இருக்கும் என்பதை நான் மேடத்திடம் தனியாகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு, பூசைக்கு முதல் மணி அடிக்குமுன் முகாம் என்று முடிவாயிற்று. அது பிரமாதமாக நடந்தது. நன்மை எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றோடு வருவார்கள். சாயா இல்லை, வெற்றிலை இல்லை, பீடி இல்லை. எந்த ஊர் முகாமிலும் இவ்வளவு சுத்தமான எச்சில் கிடைத்ததில்லை என்று மேடம் சொன்னார். எங்கள் ஊரைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மச்சானுக்கு மட்டும் வரவில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வாய் காய்ந்துபோகும். அவர் எவ்வளவு முக்கினாலும் நுரைதான் வந்தது. நுரை கணக்கில் சேராது, கோடு வரை எச்சில் நிற்கவேண்டும். தண்ணீர் குடிக்கவும் கூடாது. மற்றவர்கள் கொடுத்துவிட்டு எழுந்து, இவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மணி அடிக்க நேரமாகிக்கொண்டிருந்தது. அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இஞ்ச பாருங்கோ. சாளை வாங்கியிருக்கேன். துள்ளுத சாளை. தலையை நுள்ளி, உப்புப் போட்டு ஒரசிக் கழுவியாச்சு. தேங்காயும் வத்தல் மொளவும் மஞ்சளும் அம்மியில வெண்ணெ மாதிரி அரைச்சு எடுத்தாச்சு. மாங்கா கிடக்குது, பல்லு கூசுத மாங்கா. அதக் கீறிப் போட்டு, புளியும் கரைச்சு ஊத்தி, மண்சட்டியில புளிமுளம் கொதிக்குது."

மச்சான் குழாயை வாயிலிருந்து எடுக்காமல் கையால் சைகை காட்டினார், மேலே சொல்லு என்று.

"கருவேப்பில போட்டாச்சு. பச்சைத் தேங்காண்ண ஊத்தியாச்சு. பக்கத்து அடுப்புல மரச்சீனி வெந்து வாய் பிளந்து கிடக்குது. அதுல ஒரு துண்டு எடுத்து, சட்டியில அடியில கிடக்குத மாங்காயோட சேத்து..."

சுற்றி நின்றவர்களில் பலர் விழுங்கினார்கள். மேடமும் விழுங்கினார், நான் பார்த்தேன். ஆறு மாதமாக அந்த வீட்டில் கிழங்கு வேகவில்லை. சாயங்காலக் கிழங்கை மச்சான் கடையில்தான் தின்றுகொண்டிருந்தார். எச்சில் கோட்டைத் தொட்டபோது முதல் மணி அடித்தது.

மச்சான் வாயைத் துடைத்துக்கொண்டு, "இதெல்லாம் வீட்டுல இருக்கா, ஏட்டி?" என்றார்.

"இல்ல. வாயிலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா கோயிலுக்குள் போனாள்.

புத்தகம் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தடிமனான வழுவழுத் தாள், அட்டையில் முறுக்கின ஏணி மாதிரி ஒரு படம், அதன் கீழே மச்சானின் முழுப் பெயர். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். மேடமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தமிழில் சொன்னார். சர்க்கரை வரும் வாய்ப்பு இவருக்குப் பிறவியிலேயே மற்றவர்களைவிடக் கூடுதல் என்றார். மச்சான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த பக்கம், அப்படிப்பட்டவர்கள்தான் சோறு, கிழங்கு, சீனியில் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்கவேண்டும் என்றார். அக்கா மச்சானைப் பார்த்தாள். பால் செரிப்பதும் குறைவாம். பிறகு என்ன சாப்பிடலாம் என்ற பக்கத்தில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், சால்மன் மீன் என்று படித்தார்.

"அது எந்தக் கடல்ல கிடக்குது?" என்று மச்சான் கேட்டார். மேடம் சிரித்துவிட்டு, அது இல்லாவிட்டால் பரவாயில்லை, உங்கள் சாளையிலும் அதே கொழுப்பு இருக்கிறது, அதையே சாப்பிடுங்கள் என்றார். சோறு ஒரு அகப்பை, மீதி மீனும் காய்கறியும். இது வாய்ப்பைத்தான் சொல்கிறது, இன்றைய சர்க்கரையை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும், டாக்டரை விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி மச்சான் வழக்கம்போல் குவியலாகச் சாப்பிட்டார். புத்தகம் தன் பக்கம்தான் பேசுகிறது என்றார். அக்கா சண்டை போடவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னிடம், டாக்டரைப் பார்க்கும் நாள் நெருங்குகிறது, படகிலிருந்து இறக்கிவிட்டால் இந்த மனுசனை எங்கே கொண்டு வைப்பது என்று மட்டும் கேட்டாள். 

புத்தகத்தை மச்சான் வீட்டில் வைக்கவில்லை. தன் பெயர் அச்சில் வந்த புத்தகம் அவருக்கு அதற்கு முன் இருந்ததில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டிக்கொண்டு வலை பின்னும் கொட்டகைக்குப் போனார், துறைமுகத்துக்குப் போனார், சாயாக்கடைக்குப் போனார். முட்டத்திலிருந்து இராஜாக்கமங்கலம் வரை ஜீன் படித்த மனுசன் தான் ஒருவன்தான் என்று சொல்லிக்கொண்டார். முகாமில் எச்சில் கொடுத்த மற்றவர்களுக்கும் புத்தகம் வந்திருந்தது. அவர்கள் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாயாக்கடையில் பேப்பர் படிக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் புத்தகத்தை வாங்கி, பக்கம் பக்கமாகத் தமிழில் உரக்கப் படித்தார். மச்சான் காலாட்டிக்கொண்டு கேட்டிருந்தார்.

மறுநாள் அவருக்குப் பாலும் சீனியும் இல்லாத கட்டன் சாயா வந்தது. கடைக்காரர் சமாதானமாகச் சொன்னார்.

"ஒனக்க துப்பல் ஹைதராபாத்து வரை போய்ப் படிச்சிட்டு வந்திருக்கு. இனி நான் சீனி போட்டா எனக்குல்லா பாவம்."

படகிலும் அதே கதைதான். சமையல் செய்கிறவர் அவருக்கு ஒரு அகப்பை சோறு போட்டுவிட்டுச் சட்டியை மூடினார். இன்னும் கொஞ்சம் என்று தட்டை நீட்டினால், "ஏலே ஜீனு, எத்தனையாம் பக்கத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலாளியும் புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, இவன் தட்டைக் கவனியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். புத்தகம் பொய் என்று சொல்லித் தப்பிக்க மச்சானுக்கு வழியில்லை. அதைப்போல் உண்மை உலகத்தில் இல்லை என்று ஊரெல்லாம் சொன்னவர் அவர்தான்.

ஒரு சனிக்கிழமை வேட்டியை இறுக்கிக் கட்டியபடி கோபமாக வந்தார். "கரையில ஒருத்தனும் சொந்தக்காரன் இல்ல மாப்ள. எல்லாவனும் டாக்டராயிட்டான்" என்றார். அக்கா ஒரு அகப்பை சோறும், தட்டு நிறைய மீனும் அவியலும் வைத்தாள்.

இதற்கிடையில் எங்கள் கம்பெனிப் பலகை இறங்கிவிட்டது. எச்சில் கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள், புதிதாக யாரும் வரவில்லை. மேடம் சென்னைக்குத் திரும்பினார். மோட்டார் சைக்கிளைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கொச்சியில் பெயிண்டிங் வேலை இருப்பதாக ஒருவன் சொல்லியிருந்தான். போகுமுன் மச்சானோடு பஸ்ஸில் நெய்யூர் போனேன்.

ரத்தம் எடுத்து, காத்திருந்து, உள்ளே போனோம். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் சீட்டை இரண்டு முறை பார்த்தார். மச்சான் கவரிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். டாக்டர் புரட்டிவிட்டு, புத்தகம் இல்லாமலே இதைத்தானே நான் சொன்னேன் என்றார். பிறகு, எது சொல்லிச் சாப்பாட்டைக் குறைத்தீரோ, அதன்படியே நடந்துகொள்ளும் என்றார். ஊசி வேண்டாம், அதே மாத்திரை, மூன்று மாதம் கழித்து மறுபடி வரவேண்டும். திங்கட்கிழமை படகுக்குப் போகலாமா என்று மச்சான் கேட்டார். தாராளமாகப் போகலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் மச்சான் அக்காவுக்குப் போன் போட்டு, "ஊசி இல்ல, கேட்டியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். 

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சாயாக்கடை. அங்கே அவரை அறிந்தவர்கள் யாரும் இல்லை. மச்சான் இரண்டு பக்கமும் பார்த்தார். கண்ணாடிப் பெட்டியில் போளி அடுக்கியிருந்தது. ஒருநாள் தின்றுகொள்ளட்டும் என்று நான் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

"சீனி எத்தனை?" என்று கடைக்காரர் கேட்டார்.

 சீனியும் வேண்டாம், பாலும் வேண்டாம் என்றார் மச்சான்.

"சுகரா அண்ணாச்சி?"

"சுகர் எல்லாவனுக்கும் உண்டு. எனக்கு உள்ளது ஜீனு" என்று மச்சான் பெஞ்சில் உட்கார்ந்து கவரைப் பிரித்தார். எங்கள் பஸ் வந்தது. நான் கை காட்டிக் கூப்பிட்டேன். அவர் கடைக்காரருக்கு இரண்டாம் பக்கத்தை விளக்கிக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.