கெட்டித் தாளைக் கேட்கத் தெரிந்தவர்

என்னைக் கவனமில்லாதவன் என்று எங்கள் மேலாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த வார்த்தையை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை. வருஷங்கள் ஓடிவிட்டன, அவரும் வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார், எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த ஆபீஸில் என்னிடம் வந்து தப்பு தன்னுடையது என்று சொன்ன ஒரே ஆள், கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிற மேடம்தான். ட்ரே மேடம் என்பது நான் வைத்த பேர். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன், அதுவும் என்னைத் தேடி வரவில்லை.

எங்களுடையது பிறப்பு இறப்பு பதிவு செய்கிற ஆபீஸ். கவுண்டர் இரண்டாம் மாடியில். லிப்ட் என்று ஒன்று உண்டு, அதன் கதவில் தொங்கும் ‘பழுது’ அட்டைதான் நிரந்தரம். கவுண்டருக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில் பிரிண்டர். என் மார்பளவு உயரம், அடியில் இழுப்பறை மாதிரி நாலு ட்ரே. தாள் போடுவது என் வேலை. சாதாரணக் கடிதங்களுக்கு வெள்ளைத் தாள். சான்றிதழுக்கு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சின்னம் தெரிகிற கெட்டித் தாள். அதில் வந்தால்தான் வங்கியிலும் கோர்ட்டிலும் வாங்குவார்கள். வெள்ளைத் தாளில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தகப்பனைப் பறிகொடுத்தவன் மறுபடி படி ஏறி, வரிசையில் நின்று, மறுபடி அந்தப் பெயரைச் சொல்லவேண்டும்.

கெட்டித் தாளை இரண்டாவது ட்ரேயில்தான் போடுவோம். அதன் ரோலர் தேய்ந்து வழுக்க ஆரம்பித்தது. தாளை அரைகுறையாக இழுத்துக் கசக்கும். மாற்றித் தரச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ந்தது. ஒருநாள் கெட்டித் தாளை மூன்றாவதில் போட்டு, வெள்ளைத் தாளை இரண்டாவதுக்கு மாற்றினேன். வெள்ளைத் தாள் மெல்லிசு, வழுக்காமல் போயிற்று. நான் செய்தது சரி. இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

ஆனால் பிரிண்டருக்குக் கட்டளை போடுகிற புரோகிராமுக்கு இது தெரியாது. அதை எழுதியவர் மேடம். சான்றிதழ் என்றால் இரண்டாவது ட்ரேயிலிருந்து எடு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அன்றைய சான்றிதழ் எல்லாம் வெள்ளைத் தாளில் வந்தது. கவுண்டர்க்காரர் பேச்சு சுவாரசியத்தில் சீல் குத்திக் கொடுத்துவிட்டார். சில நாள் கழித்து ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஏறி வந்து, தாளைக் கவுண்டரில் வைத்து, “எம் பையன் செத்ததை ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்களே” என்றார். அதற்குப் பிறகுதான் மேலாளர் என்னைக் கூப்பிட்டு அந்த வார்த்தையைச் சொன்னது.

மேடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நேராகப் பிரிண்டர் அறைக்கு வந்து, ஏசிக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரோடு தரையில் உட்கார்ந்து ட்ரேக்களை இழுத்துப் பார்த்தார்.

“அண்ணே, கெட்டித் தாளை ஏன் இடம் மாத்துனீங்க?”

“ரோலர் வழுக்குது. ஒவ்வொரு தாளா நான் பின்னாடி நின்னு தள்ளிவிடவா?”

“மாத்தினா எனக்கு எப்படித் தெரியும்?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பக்கத்து ரூமுதானே, கப்பல் ஏறியா வரணும்?”

சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். ட்ரேயைத் தள்ளி மூடினார். “சரிதான். எம் புரோகிராமும் கேக்கல, நானும் கேக்கல” என்றார்.

எழுந்து மேலாளரிடம் போனார். நானும் பின்னால் போனேன். “ட்ரே நம்பரை எழுதி வச்சது நான் சார். என்ன தாள்னு கேட்டிருக்கணும், எந்த இடம்னு கேட்டுட்டேன். தப்பு என்னோடது.” அந்த வருஷம் மேடத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. அவர் அதைப் பற்றி ஒருநாளும் என்னிடம் வாய் திறந்ததில்லை.

புரோகிராமை மாற்றி எழுதினார். நான் தாளை எந்த ட்ரேயில் வேண்டுமானாலும் போடலாம். பிரிண்டரின் சின்னத் திரையில் இது கெட்டி, இது வெள்ளை என்று தொட்டுச் சொன்னால் போதும். புரோகிராம் கெட்டித் தாள் கொடு என்று கேட்கும், பிரிண்டர் தானே தேடி எடுத்துக்கொள்ளும். சோதித்துப் பார்க்க அவர் அடித்த தாளில், “நான் கெட்டித் தாள். என்னை எங்கே வைத்தீர்கள் அண்ணே?” என்று இருந்தது.

இன்னொரு கெட்ட பழக்கமும் அந்தப் பிரிண்டருக்கு இருந்தது. கெட்டித் தாள் தீர்ந்தால் சத்தமில்லாமல் பக்கத்து ட்ரேயிலிருந்து வெள்ளையை எடுத்துவிடும். மேடம் அதற்கும் தடை போட்டார். இப்போது தாள் தீர்ந்தால் அப்படியே நின்று கத்தும். நான் போய்ப் போட்டால்தான் வாயை மூடும்.

“மேடம், உங்க பிள்ளை என்னை டீ குடிக்க விடமாட்டேங்குது.”

“கத்தட்டும்ணே. அது கத்தினா நீங்க ஒருத்தர் நடக்கணும். கத்தாம விட்டா யாரோ ரெண்டாந்தடவை படி ஏறணும்.”

படியைப் பற்றி அவருக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். மிஷின் மிதித்தே முட்டி போய்விட்டது. சமையல் அவர்தான். மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கீழ்ப்படியில் உட்கார்ந்துவிடுவார், மேடம் இறங்கிப் போவார். இருவரும் அங்கேயே சாப்பிடுவார்கள்.

“இன்னைக்கும் உப்பு மறந்தாச்சா?”

“போட்டிருக்கேன். நாக்கை மேலேயே வச்சுட்டு வந்திருப்பே, போய்ப் பாரு.”

பிறகு மேடத்துக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்துப் பார்த்து, ஒன்றும் செய்வதற்கில்லை என்று தைத்துவிட்டார்கள். அவர் போவதற்கு முன்வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருந்தார். மேடத்தின் கை கட்டில் கம்பியை விட ஒல்லியாக இருந்தது.

“கத்துதா?” என்றார்.

“கத்துது. உங்களைத்தான் கேக்குது.”

சிரிக்கப் பார்த்தார், வலித்தது. “எம் பேரு போட்டு ஒரு சான்றிதழ் வரும்ல அண்ணே...”

“வாயைக் கழுவுங்க மேடம்.”

“கேளுங்க முதல்ல. அன்னைக்குத் தாளை நீங்களே போடுங்க. போடுமுன்ன நல்லா விசிறிவிடுங்க, ரெண்டு ஒட்டிக்கிட்டுச் சுருட்டிடும். வந்ததும் வெளிச்சத்துல பிடிச்சு, சின்னம் தெரியுதான்னு பாருங்க. பாத்துட்டு நீங்களே கீழே கொண்டுபோய் அவர் கையில குடுங்க. அவரைப் படி ஏற வச்சிடாதீங்க.”